உருண்டைப் பட்டாணி மறைக்கும் சுருக்கம்

பட்டாணிச் செடிகளில் மரபுப் பண்புகளை ஆராய்ந்த துறவி மெண்டல் என்றதும் பள்ளிப் பாடத்திலிருந்து நினைவுக்கு வருவது 3:1 என்ற விகிதம்: மூன்று உருண்டை விதைக்கு ஒரு சுருங்கிய விதை. ஆனால் அந்த மூன்றும் ஒரே ரகமல்ல.

இன்றைய செக் குடியரசின் புருனோ நகர மடாலயத் தோட்டத்தில், உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் அவர் கலப்பு செய்தார். பிறந்த விதைகள் அனைத்தும் உருண்டை. அவற்றிலிருந்து வளர்ந்த 253 செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். கிடைத்த 7,324 விதைகளில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850.

ஒவ்வொரு செடியிலும் விதை வடிவத்துக்கான மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. மகரந்தத்துக்கும் சூலுக்கும் அவற்றில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது தற்செயல். கலப்புச் செடியிடம் உருண்டைப் பிரதி ஒன்று, சுருக்கப் பிரதி ஒன்று. இரு பக்கமிருந்தும் சுருக்கப் பிரதியே வந்து சேர வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. இன்னொரு கால் பங்கில் இரண்டும் உருண்டைப் பிரதி. மீதி அரைப் பங்கில் இரண்டும் கலந்திருக்கும்.

ஆகவே உருண்டையாகத் தெரியும் மூன்றில் இரண்டு, சுருக்கத்தைச் சுமக்கின்றன. விதையை உற்றுப் பார்த்துப் பயனில்லை, விதைத்தால்தான் தெரியும். மெண்டல் விதைத்தார். உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளில் 193 உருண்டையை மட்டுமே தந்தன. 372 இரண்டையும் தந்தன. எனக்கு 3:1-ஐவிட இந்தக் கணக்குதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

சுருக்கம் ஏன் மறைகிறது? மாவுச்சத்து மூலக்கூறில் கிளைகளை உருவாக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதன் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்துகள் நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு செருகிக்கொண்டதே சுருக்கத்தின் காரணம் என்று 1990இல் தெரிந்தது. நொதி இல்லாவிட்டால் மாவுச்சத்து குறைந்து சர்க்கரை மிகும். விதை நீரை அதிகமாக உறிஞ்சிப் பருத்து, காயும்போது சுருங்கிவிடும். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாவதற்குத் தேவையான நொதி கிடைத்துவிடும்.

விகிதம் பெரிய எண்ணிக்கையில்தான் துலங்கும். மெண்டலின் ஒரு செடி 43 உருண்டையும் 2 சுருங்கியதும் தந்தது. இன்னொன்று 14, 15 என்று தந்தது.

மனிதக் குடும்பங்கள் அதைவிடச் சிறியவை. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் நோய்க்குக் காரணமான அரிவாள் செல் மரபணு, நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறியப்பட்டது. அதுவும் இதே கணக்கில்தான் இறங்குகிறது. பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒரு பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு கால் பங்கு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர் தப்பிவிடுவார்கள் என்பது தவறான கணக்கு. நோயில்லாத தம்பியோ தங்கையோ அந்தப் பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு பாதி அல்ல, மூன்றில் இரண்டு. பட்டாணியைப் போல அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.