நேரத்தை மட்டுமே அறிந்த திரையில் நிறமாலை

சிங்கப்பூரின் பிடோக்கில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் இன்னும் ஒரு பழைய குழல்விளக்கு எரிகிறது. அதன் கீழே ஒரு குறுந்தட்டை (சிடி) சாய்த்து மகளுக்குக் காட்டினேன். தட்டின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. அவையே ஒளியைப் பிரிக்கும் கீற்றணி. வானவில் சீராக விரியவில்லை. 546 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சையும் 436இல் நீலமும் தனித்தனியே பளிச்சிட்டன. இரண்டும் குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியிலிருந்து வருபவை.

"அப்பா, எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அளக்க முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும். 1970களில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் 7000 வரிசை அலைக்காட்டிகளுக்காக, அதாவது மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்புகளுக்காக, 7ஜே20 என்ற செருகுபெட்டியையும், அதனுடன் இணைந்து ஒளியை நிறவாரியாக அளக்கும் ஜே20 நிறமாலைமானியையும் செய்தது. 2017இல் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் பழைய அலைக்காட்டிகளைத் தேடி அலைந்தவன் நான். இந்தத் துணைக்கருவி மட்டும் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை.

அலைக்காட்டிக்குத் தெரிந்தது நேரமும் மின்னழுத்தமும்தான். நிறத்தை அதற்கு எப்படிப் புரியவைப்பது? அக்காலத்து நிறமாலைமானிகள் பலவற்றில் கீற்றணியை மெல்லத் திருப்பி, ஒவ்வோர் அலைநீளமாக அளந்தார்கள். மின்னல்போல் வெட்டி மறையும் ஒளியை அப்படிப் பிடிக்க முடியாது. ஜே20இல் அளக்கும்போது கீற்றணி அசைவதில்லை. விரிந்த நிறமாலை மொத்தமும் ஒரே நேரத்தில் விடிகான் என்ற கேமராக் குழாயின் முகப்பில் விழுகிறது.

அந்த முகப்பில் லட்சக்கணக்கான நுண்ணிய சிலிக்கான் டையோடுகள். அவற்றை வரிசையாக வைத்த நிறைகுடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்ட குடத்திலிருந்து மின்னூட்டம் வடிகிறது. ஒளி கூடினால் வடிவதும் கூடும். எலக்ட்ரான் கற்றை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒவ்வொரு குடமாக நிரப்பிக்கொண்டே போகிறது. எதற்கு எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்ததோ, அதுவே அங்கு விழுந்த ஒளியின் அளவு. கற்றை எந்த நொடியில் எந்த அலைநீளத்தின்மேல் நிற்கிறது என்பது முன்பே தெரியும். ஆகவே அலைக்காட்டி நேரம் என்று வரைவதை நாம் அலைநீளம் என்று படிக்கலாம்!

இதில் என்னை மிகவும் கவர்வது, ஒளி மறைந்த பிறகும் கற்றை வந்து சேரும்வரை குடம் குறைந்தே இருக்கும் என்பதுதான். ஒரே ஒருமுறை மின்னிய ஒளியும் தப்பாது.

சிலிக்கானுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 1100 நானோமீட்டருக்கு அப்பால், ஒளித்துகளுக்கு எலக்ட்ரானை விடுவிக்கும் அளவு ஆற்றல் இல்லை.

கீற்றணியை மாற்றித் திரை முழுவதும் 400 நானோமீட்டரையோ 40 நானோமீட்டரையோ விரிக்கலாம். பாதரசத்தின் மஞ்சள் கோடுகள் 577.0, 579.1இல் நெருங்கி நிற்பவை. பத்துக் கட்டத் திரையில் 400ஐ விரித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 40ஐ விரித்தால் இடையே அரைக் கட்டம் கிடைக்கும்.