ஆய்வு முதுகலைக்கு வெளிநாடு போகுமுன்

பிசியோதெரபி, நர்சிங், பல் மருத்துவம், எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் வெளிநாட்டில் ஆய்வு முதுகலை படிப்பது பற்றிக் கேட்க பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வருவார்கள். பெரும்பாலும் அப்பாவும் கூட வருவார். "இதை முடிச்சா பையன் அங்கேயே ஆஸ்பத்திரில வேலைக்குச் சேர்ந்திருவாம்லா சார்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். சுகாதார அறிவியலில் ஆய்வு முதுகலை என்பது நோயாளியைப் பார்க்கத் தரப்படும் உரிமம் இல்லை. பிரிட்டனில் மருத்துவராக வேலை பார்க்க அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் பலர் அதற்காகத்தான் பிளாப் தேர்வு எழுதுகிறார்கள். நெதர்லாந்தில் சிகிச்சை வேலைக்குப் பதிவும் வேண்டும், டச்சு மொழியும் வேண்டும். ஊருக்குத் திரும்பினால் அந்தப் பட்டம் எம்.டி.க்கு ஈடாகவும் ஆகாது.

அப்படியானால் அது எதற்கு? ஒரு கேள்வியை எடுத்து, தரவு சேர்த்து, அலசி, எழுதக் கற்பதற்கு. பிரிட்டனில் எம்.ரெஸ். எனப்படும் ஆய்வு முதுகலை வழக்கமாக ஒரு வருடப் படிப்பு, அதில் பெரும்பகுதி ஆய்வுத் திட்டம். நெதர்லாந்தில் இரண்டு வருடம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மொத்தம் 3,360 மணி நேரம். நோய்ப்பரவியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை), புள்ளியியல் இரண்டும்தான் அடித்தளம். அந்த நாட்டு ராட்டர்டாம் நகரில் ஒமோர்ட் என்ற பகுதியில் 55 வயது தாண்டியவர்களைச் சேர்த்து 1990இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இன்றும் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அப்படிப்பட்ட நீண்டகாலத் தரவோடு பழகும் வாய்ப்பு பெரிய விஷயம். ஆனால் பொழுதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தரவைச் சரிபார்க்கிற வேலை அது. நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுவதில்தான் எனக்கு நிறைவு என்கிற பிள்ளை அங்கே வாடிப்போகும்.

பொருத்தமானவர்களுக்கு நான் சொல்வது, கேள்வியை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் வருடக்கணக்காகக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முதுகும் கழுத்தும் என்ன ஆகின்றன? பிசியோதெரபி படித்தவர் கேட்க வேண்டிய கேள்வி இது. கடையநல்லூரில் 2012இல் டெங்கு ஆட்டிவைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காகத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்துவைக்கிற ஊரில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்துவது? விண்ணப்பக் கடிதத்தில் "மனித குலத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரியை அங்குள்ள பேராசிரியர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். இந்த மாதிரிக் கேள்வி அரைப் பக்கம் இருந்தால் நின்று படிப்பார்கள். யாரிடம் ஆய்வு செய்ய ஆசையோ, அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு அப்புறம் மின்னஞ்சல் எழுதுங்கள்.

வெளிநாட்டில் சேர்த்துவிடும் ஏஜென்சி விஷயத்தில் கவனம் தேவை. ஆலோசனை இலவசம் என்பார்கள். நீங்கள் சேர்ந்தால் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தரும். கமிஷன் தராத இடத்தின் பெயரை அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகளுக்கு நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

கல்யாணம் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி.க்கும் ஆய்வு சார்ந்த உயர்பட்டங்களுக்கும் விலக்கு உண்டு. உங்கள் படிப்பு அதில் வருமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடனைப் பற்றி முடிவெடுக்கும்போது முதுகலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள். பலருக்கு அடுத்த படி பிஎச்.டி. நெதர்லாந்தில் பிஎச்.டி. செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு, எனக்கு அதுதான் வருத்தம்.

படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டுக்கு சென்னை கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டும். கடைசி வாரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து ஓடாமல், சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன்பே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள்.