குவாஷியோர்கர் என்றால் சவலை

'குவாஷியோர்கர்' என்ற நோய்ப்பெயரைப் பார்த்தால் லத்தீனோ ஜெர்மனோ என்று தோன்றும். இரண்டும் இல்லை. இன்றைய கானாவில், அக்ரா நகரைச் சுற்றி வாழும் கா மக்களின் சொல் அது. அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1933-இல் இந்த நோயை விவரித்தார். 1935-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது, ஊர்ப் பெண்கள் சொன்ன பெயரையே அதற்கு வைத்தார். பால் நின்றபின் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளக் கூழ்தான். கால் வீங்கும், தோல் உரியும், தலைமயிர் செம்பட்டையாகும்.

இதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பாட்டிமார் 'சவலைப் பிள்ளை' என்கிறார்களே, அதேதான். தாய் மறுபடி உண்டாகிவிட்டாள். மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவி, கைப்பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிறார்கள். அது கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு யார் இடுப்பிலாவது சிணுங்கிக்கொண்டு கிடக்கும். யாப்பிலும் இந்தச் சொல் உண்டு: இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் ஒரு சீர் குறைந்து வந்தால் அது சவலை வெண்பா. பெயர் வைத்த புலவர் வீட்டில் சவலைப் பிள்ளை இருந்திருக்க வேண்டும்!

சவலை பாயும் வயதுதான் மூளை வேகமாக வளரும் வயதும். பிறந்தபோது, வளர்ந்தவர் மூளையின் எடையில் கால்வாசியளவு இருப்பது, இரண்டு வயதுக்குள் முக்கால்வாசியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் சோறு குறைந்தால் நரம்பிழைகளின் மேலுறையும் இணைப்புகளும் சரியாக உருவாவதில்லை. தவிர, சவலைப் பிள்ளை எதையும் எட்டிப் பிடிக்காது, தவழ்ந்து போய்ப் பார்க்காது, சிரிக்காது. பார்த்துத் தொட்டுக் கற்கவேண்டிய மாதங்கள் இப்படியே போய்விடும். கேப் டவுனில் நடத்தி 1992-இல் வெளியான ஸ்கேன் ஆய்வில், இந்நோய் வந்த குழந்தைகளின் மூளை சுருங்கியிருந்தது. சிகிச்சை கொடுத்து 90 நாளில் சுருக்கம் பெரும்பாலும் சரியானது. அளவு திரும்பியது சரி, தவறிப்போன கற்றல் தானாகத் திரும்பிவிடாது. குவாத்தமாலா கிராமங்களில் 1969 முதல் 1977 வரை சிறுவர்களுக்குச் சத்துக்கூழ் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் அதைக் குடித்த ஆண்கள் பிற்காலத்தில் கூடுதல் கூலி பெற்றார்கள். அதற்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

குவாஷியோர்கரைப் 'புரதக் குறைபாட்டு நோய்' என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் ஹைதராபாத்தில் ஆராய்ந்தபோது, வீங்கிய பிள்ளைகளும் எலும்பும் தோலுமான பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். அப்புறம் புரதத்தை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? சவலை என்ற சொல்லோ எந்தச் சத்தின் மீதும் பழி போடாமல் பிள்ளையின் நிலையைச் சொல்கிறது.

அதில் ஒரு குறையும் உண்டு. சவலை என்றதும் நமக்கு மெலிவுதான் நினைவுக்கு வரும். குவாஷியோர்கரிலோ வீக்கம்தான் அடையாளம். 'பிள்ளை பூசினாற்போல் இருக்கிறான்' என்று வீட்டில் ஏமாந்துபோவார்கள். ஆகவே இதைச் 'சவலை வீக்கம்' என்றும், பிள்ளை எலும்பும் தோலுமாகிவிடும் மராஸ்மஸ் நோயைச் 'சவலை மெலிவு' என்றும் எழுதலாம். பாதத்தின் மேல்புறத்தைக் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுக்கும்போது, இரண்டு காலிலும் குழி அப்படியே நின்றால் அது வீக்கம். அந்தப் பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும்.