கணக்கேட்டைத் திறக்கும் முன் நான் வாசிப்பது

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளை, அதாவது பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகளை, நடத்தும் மாவட்டங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு மாவட்டத்தின் வேலையை எடுத்துக்கொண்டதும் கணக்கேட்டைத் திறக்க மாட்டேன். அதை ஆளும் அறங்காவலர் குழுவின் ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வாசிப்பேன். பணம் எங்கே போனது என்பதைக் கணக்கேடு சொல்லிவிடும். அது போகும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வாய் திறந்தார்களா என்பதைக் கூட்டக் குறிப்புதான் சொல்லும். காரசாரமாக வாதம் நடந்த குழு எனக்குக் கவலை தருவதில்லை. பன்னிரண்டு மாதமும் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக, ஒரு கேள்விகூட இல்லாமல் நிறைவேறியிருந்தால் மாதிரிக்கு எடுக்கும் ரசீதுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வேன்.

இந்த மாநிலத்தில் 73 மாவட்டங்களின் கீழ் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள் படிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள், பகலில் கடையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவர்கள் இவர்களில் ஏராளம். உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே இங்கே கணிதமோ கணினியோ எடுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலான மாவட்டங்களை ஆள்வது, மக்கள் வாக்களித்து நான்கு ஆண்டுகளுக்கு அனுப்பும் ஐந்து அல்லது ஏழு அறங்காவலர்கள். கல்லூரித் தலைவரை நியமிப்பதும் பட்ஜெட்டை ஏற்பதும் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தருவதும் அவர்கள்தான். ஆனால் வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர் வெகு கீழே வரும். அதிபருக்கும் ஆளுநருக்கும் வாக்களித்துவிட்டு, அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டதாக என் நண்பர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

ஏனென்றால் அவர்கள் வீட்டுச் சொத்துவரிச் சீட்டிலேயே கல்லூரி மாவட்டத்தின் பெயர் ஒரு வரியாக இருக்கிறது. கட்டடம் கட்ட மாவட்டம் வெளியிட்ட கடன்பத்திரத்துக்கான தவணை அது. முன்பு இத்தகைய கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2000 நவம்பரில் மாநில வாக்கெடுப்பில் மக்கள் ஏற்ற 39ஆம் முன்மொழிவு அதை 55 சதவீதமாகக் குறைத்தது. பதிலுக்குச் சில கட்டுப்பாடுகளையும் போட்டது. அந்தப் பணத்திலிருந்து ஆசிரியர், நிர்வாகிகளுக்குச் சம்பளம் தரக் கூடாது. ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடத்த வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் மேற்பார்வைக் குழுவை அமைக்க வேண்டும். மாவட்டத்தின் ஊழியரோ ஒப்பந்ததாரரோ அதில் இருக்கக் கூடாது. கட்டுப்பாடுகள் நல்லவைதான். ஆனால் தணிக்கையாளராகிய நாங்கள் வருவது பணம் போன பிறகு. போகும் முன் தடுக்கக்கூடியவர் அறங்காவலர் ஒருவரே.

தவறு எங்கே நுழைகிறது? என் அனுபவத்தில், கூட்டத்தின் முதல் கால் மணி நேரத்தில். நிகழ்ச்சி நிரலில் ஒப்புதல் பட்டியல் என்று ஒன்று இருக்கும். வழக்கமான சில்லறை விஷயங்களை ஒவ்வொன்றாகப் பேசி நேரத்தை வீணாக்காமல், ஒரே வாக்கில் முடிப்பதற்காக வந்த ஏற்பாடு. பயண அனுமதி, பணி நியமனம், பழைய நாற்காலிகளைக் கழித்துக்கட்டுவது ஆகியவற்றோடு, பல லட்சம் டாலர் ஒப்பந்தமும் முப்பத்து நான்காவது உருப்படியாக அதில் உட்கார்ந்திருக்கும். ஒரு மாவட்டத்தில் ஆய்வகக் கட்டடம் ஒன்றின் கூடுதல் பணிகளுக்கான உத்தரவுகளை நான் தேடி எடுத்தேன். ஒவ்வொன்றும் சிறிய தொகை. வெவ்வேறு மாதங்களின் ஒப்புதல் பட்டியல்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டி வைத்தபோது குழுத் தலைவரின் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் ஒரே கட்டடத்துக்கா?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் கை தூக்கியிருந்தார். அவர் ஒரு சென்ட்கூட எடுத்தவர் இல்லை. நல்ல மனிதர், கேட்கத் தவறிய மனிதர். ஆனால் அந்தத் தவறுக்கும் பணம் செலவாகியிருந்தது.

அந்தப் பட்டியலிலிருந்து எந்த உருப்படியையும் தனியே எடுத்து விவாதிக்கும்படி உறுப்பினர் ஒருவர் கேட்டாலே வழக்கமாகப் போதும். வேறொரு மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் செய்வார். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவரோ கட்டடக் கலைஞரின் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வேறு யாரிடம் கேட்டோம்?" என்பார். மிகச் சரியான கேள்வி. செங்கல், சிமெண்ட் வேலைக்குக் குறைந்த விலைப்புள்ளி கேட்கும் சட்டம், கட்டடக் கலைஞர், வழக்கறிஞர், நிதி ஆலோசகர் போன்றோரின் சேவைக்கு அப்படிக் கேட்பதில்லை. அங்கே தேர்வு குழுவின் மனசாட்சியைப் பொறுத்தது. 2025 முதல், இப்படி ஒப்பந்தம் கோரும் தரப்பிடமிருந்து 12 மாதத்துக்குள் 500 டாலருக்கு மேல் தேர்தல் நன்கொடை பெற்ற உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி.

ஒதுங்குவதைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. மனைவி பங்குதாரராக உள்ள நிறுவனத்தின் ஒப்பந்தம் வரும்போது, "நான் வெளியே போய்விடுகிறேன், நீங்கள் வாக்களியுங்கள்" என்று ஓர் உறுப்பினர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நேர்மையாக நடப்பதாகவே அவர் நம்பினார். அரசுச் சட்டத் தொகுப்பின் 1090ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. குழு உறுப்பினர் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் பண ஆதாயம் இருந்தால், சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, குழு முழுவதுமே அந்த ஒப்பந்தத்தைச் செய்யக் கூடாது. செய்தால் அது செல்லாது. தெரிந்தே செய்தவர் குற்ற வழக்கைச் சந்திக்க நேரும். குற்றம் உறுதியானால் இந்த மாநிலத்தில் இனி எந்தப் பதவியும் வகிக்க முடியாது.

விருந்தும் டிக்கெட்டும் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களும் உண்டு. 2012இல் சான் டியேகோவின் தென்பகுதியில் ஒரு பள்ளி மாவட்டத்தையும் சவுத்வெஸ்டர்ன் கல்லூரியையும் சுற்றி எழுந்த வழக்குகள், கட்டட நிறுவனத்தார் தந்த உணவு, டிக்கெட் போன்ற பரிசுகளிலிருந்துதான் வளர்ந்தன.

இதற்கெல்லாம் யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காம்ப்டனைக் காட்டுவேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே, கறுப்பினத்தவரும் லத்தீனோ மக்களும் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர். அங்கிருந்த கல்லூரியின் நிதியும் நிர்வாகமும் சீர்கெட்டதால் 2004இல் மாநிலம் குழுவின் அதிகாரத்தை நிறுத்திவைத்துத் தனி அறங்காவலரை அனுப்பியது. 2006இல் கல்லூரி அங்கீகாரத்தையே இழந்தது. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. அங்கே படித்த பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதும் அரிது. பக்கத்து எல் கமினோ கல்லூரி அதைத் தன் கிளை மையமாக எடுத்துக்கொண்டதாலும், சட்டமன்றம் 3 கோடி டாலர் வரை கடன் அனுமதித்ததாலும் கதவுகள் மூடப்படவில்லை. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூனில். ஐந்தாம் வகுப்பில் இருந்த குழந்தை கல்லூரிக்குப் போய்ப் படித்தே முடிக்கும் காலம் அது. பெரும் விலை கொடுத்தவர்கள் அங்கே படித்த மாணவர்கள்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உள்ளாட்சிக் குழுக்களின் கூட்டங்கள் மக்கள் முன் நடக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். அதை எடுத்து, ஒப்புதல் பட்டியலை மட்டும் வாசியுங்கள். கூட்டத்தில் எழுந்து பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வோர் அறங்காவலரும் தன் வருமானம், முதலீடு, பெற்ற பரிசுகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் படிவம் 700இல் எழுதித் தர வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் போய் அதைக் கேட்டால், நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கவும் கூடாது.