சிறு படகில் குடிநீர்: கேனிலிருந்து குவளைக்கு

ஒரு குழாய் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால், 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் போய்விடும். கரையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 40 லிட்டர் குடிநீரோடு கடலில் இருக்கும் சிறு படகுக்கோ அது கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு. வெயிலில் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்கக் குடிக்கப் போதுமான அளவு. ஆகவே படகில் தண்ணீரை எதில் வைக்கிறோம் என்பதைவிட, அதை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

கடல்நீரைக் குடித்துச் சமாளிக்க முடியாது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு செறிவான உப்பை அப்படியே வெளியேற்றும் திறன் நம் சிறுநீரகத்துக்கு இல்லை. உள்ளே போன உப்பை வெளியே தள்ள, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடல் இழக்கும்.

சரி, முதலில் சேமிப்பைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் ஏற்றினால் இன்னும் ஓர் ஆள் ஏறியதைப் போன்ற பாரம், அதற்கும் மேலேகூட. அதைப் படகின் அடியில், நடுப்பகுதிக்கு அருகே வைத்தால் படகு நிதானமாக நிற்கும். ஆனால் பாரத்தைவிடத் தொல்லை தருவது தண்ணீரின் அசைவு. அகலமான தட்டில் தண்ணீரை ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு கொஞ்சம் சாய்ந்ததும் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். பாதி நிரம்பிய டேங்கும் படகுக்கு இதைத்தான் செய்கிறது. இந்தப் பாதிப்பு தொட்டியின் அகலத்தின் கனத்துக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடும். அதாவது அகலத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் முழுத் தடுப்பு வைத்தால், இரு பாதிகளையும் சேர்த்தே பாதிப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். முழுக்க நிரம்பிய கேனில் அசைய இடமே இல்லை. காலியான கேனில் அசைய எதுவும் இல்லை.

இதனால்தான் சிறு படகுக்கு ஒரு பெரிய டேங்கைவிட, 10 அல்லது 20 லிட்டர் கேன்கள் சில இருப்பது நல்லது. ஒவ்வொன்றாகத் திறந்து தீர்த்தால், ஒரு நேரத்தில் ஒரு கேன்தான் பாதியில் இருக்கும். ஒன்று உடைந்தாலும், ஒன்றில் தண்ணீர் கெட்டாலும் மற்றவை பிழைக்கும். இன்னொரு வசதியும் உண்டு: நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். கேனை விளிம்புவரை நிரப்பாமல் ஓரிரு லிட்டர் இடம் விட்டு இறுக மூடிவிட்டால், கடலில் தவறி விழுந்தாலும் மிதக்கும், எடுத்துவிடலாம்.

வெளிச்சம் புகாத கேனாக இருந்தால் பாசி பிடிக்காது. வாசனை சேர்க்காத, 5–6 சதவீதக் குளோரின் பிளீச் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருப்பது தெளிந்த நீருக்கான வழக்கமான அளவு. அலுமினிய டேங்கில் மட்டும் குளோரினை நெடுநாள் விட்டுவைக்கக் கூடாது, உலோகத்தை அரித்துவிடும்.

அப்புறம் எடுப்பது. கேனிலிருந்து ஒரு லிட்டர் வெளியே வர வேண்டுமானால் ஒரு லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். காற்று போக வேறு வழி இல்லாவிட்டால், தண்ணீர் வரும் அதே வாய் வழியாகக் காற்றும் முட்டி மோதி நுழையும். அப்போதுதான் ‘களக் களக்’ என்று விட்டுவிட்டு ஊற்றி, ஆடும் படகில் பாதி கீழே போகிறது. மேலே ஒரு சிறு காற்றுத் துளை இருந்தால் போதும், நீரோட்டம் சீராகிவிடும். மெல்லிய பைபோன்ற நீர்ப்பைகளுக்கு இந்தத் துளையே வேண்டாம். தண்ணீர் குறையக் குறையப் பை தானே சுருங்கிக்கொள்ளும். ஆனால் கூரான விளிம்பில் உரசினால் ஓட்டை விழும்.

உயரத்தில் கேனை வைத்துக் குழாய் திறப்பது எல்லாவற்றிலும் எளிது. நீர்மட்டம் குழாயைவிட அரை மீட்டர் மேலே இருந்தால் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் வெளிவரப் பார்க்கும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் வேகம் இரட்டிப்பாகாது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி கண்ட விதி இது. ஆகவே கேனை ரொம்ப உயரத்தில் தூக்கி வைத்துப் படகின் நிதானத்தைக் கெடுத்துக்கொள்ள அவசியமில்லை. 5 லிட்டர் மட்டும் மேலே இருக்கட்டும், மீதி அடியில் கிடக்கட்டும். காலையில் அந்த 5 லிட்டரை நிரப்பினால், எவ்வளவு செலவாகிறது என்பதும் தினம் கண்ணில் படும்.

இருந்தாலும் கசியும் வாய்ப்பு இதில் எப்போதும் உண்டு. எனக்குப் பிடித்தது கால் பம்ப். ரப்பர் சவ்வும் இரண்டு ஒருவழி வால்வுகளும்தான் அதன் உள்ளே இருக்கின்றன. மிதித்தால் சவ்வு அழுந்தி, மேல் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். காலை எடுத்தால் சுருள்வில் சவ்வைத் திருப்பி இழுக்கும், உள்ளே அழுத்தம் குறையும். அடியில் இருக்கும் கேனின் நீர்மேல் வளிமண்டலம் அழுத்திக்கொண்டே இருப்பதால், கீழ் வால்வு வழியாகத் தண்ணீர் ஏறி வரும். கொள்கை அளவில் கடல்மட்டத்தில் சுமார் 10 மீட்டர்வரை இப்படி ஏற்றலாம். படகுக்கு ஒரு மீட்டர்கூடத் தேவைப்படாது. இரண்டு கையும் பாத்திரத்தில் இருக்க, கால் நின்றதும் தண்ணீரும் நிற்கும். மிதித்த அளவுக்குத்தான் வரும் என்பதால் கை கழுவுவதற்குக்கூட அளந்துதான் செலவழிப்போம். அழுத்தம் தரும் மின் பம்பில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு இணைப்பு கழன்றால் யாரும் பார்க்காத நேரத்தில் டேங்க் முழுதையும் படகின் அடியில் கொட்டிவிடும்.

கால் பம்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இரண்டு வால்வுகளும் தண்ணீர் வெளியே போகும் அதே திசையில் திறப்பவை, அந்தப் பக்கம் ஓடுவதை அவை தடுக்காது. ஆகவே தண்ணீர் விழும் குழாயின் வாய் டேங்கின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் யாரும் மிதிக்காமலே தண்ணீர் சைஃபன்போல ஓடும். படகு சாயும்போதும் வாய் மேலேயே இருக்கும்படி பொருத்த வேண்டும். அடுத்தது, உறிஞ்சும் பக்க ஹோஸில் கசிவு. இங்கே தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாது. மிதித்தால் குமிழியும் கொஞ்சம் தண்ணீருமாக வந்தால், பம்பைக் கழற்றுவதற்கு முன் அந்த ஹோஸின் பிடிப்புகளை இறுக்கிப் பாருங்கள். இதையெல்லாம் மீறிப் பம்ப் நின்றுபோகலாம் என்பதால், சொந்தக் குழாய் உள்ள ஒரு கேனாவது தனியாக இருக்கட்டும்.