ஏசி மேடையில் புறாக்கூடும் விடாத வறட்டு இருமலும்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏசியின் வெளிப்பெட்டி வைக்கும் மேடை, கழிவறைக் குழாய்கள் இறங்கும் டக்ட், சன்ஷேடு, புழங்காத பால்கனி எல்லாம் இன்று மாடப்புறாக்களின் வசிப்பிடங்களாகிவிட்டன. பாறை இடுக்குகளில் கூடு கட்டிப் பழகிய இனத்துக்குக் கட்டட விளிம்பும் பாறையும் ஒன்றுதான். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை, ஏறக்குறைய 18 நாள் அடைகாப்பு, அதன்பின் ஒரு மாதம்போலக் குஞ்சு வளர்ப்பு என்று, தானியம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் நடக்கிறது.

புறாவால் வரும் நோய்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் நீண்ட பட்டியலைக் காட்டி, ‘இதெல்லாம் உண்மையா டாக்டர்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உள்ள அச்சமூட்டும் பெயர்களில் பல, உடல்நலத்தோடு இருப்பவர்களை அரிதாகவே தாக்குகின்றன. நுரையீரல் மருத்துவராகிய என்னிடம் புறாவின் பொருட்டு வந்து சேருபவர்களின் நோயோ அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

தொற்றுகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை புறா எச்சத்தில் இருப்பது 1955இலேயே கண்டறியப்பட்டது. நம்மில் பலர் அதை எப்போதாவது சுவாசித்திருப்போம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எச்ஐவி பாதிப்பு முற்றியவர்கள், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், நீண்டகாலமாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு அதே பூஞ்சை மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகக்கூடும். சிட்டகோசிஸ் என்னும் நிமோனியா கிளிகளிடமிருந்தே அதிகம் வருகிறது, புறாவிடமிருந்தும் வரலாம். மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியில் எச்சம் விழுந்தால் சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகள் நீரில் கலக்க வாய்ப்புண்டு. குஞ்சுகள் பறந்துபோன பிறகு, வெறுங்கூட்டில் பசியோடு எஞ்சும் பறவைச் சிற்றுண்ணிகள் ஜன்னல் வழியாக நுழைந்து கடிக்கும். மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் குறிப்பிட விரும்பும் நோய்க்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். நுரையீரலின் மிகையுணர்வு அழற்சி எனலாம். புறாவின் இறகிலிருந்து மாவுபோல் உதிரும் தூளிலும் அதன் எச்சத்திலும் அப்பறவையின் உடல் புரதங்கள் உள்ளன. எச்சம் காய்ந்து பொடியாகிக் காற்றில் கலந்து, மூச்சுக்குழாயின் வடிகட்டல்களையெல்லாம் தாண்டி நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளை அடையும்போது, சிலருடைய எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகக் கருதிப் போரிடத் தொடங்குகிறது. இதில் கிருமி இல்லை, ஆகவே ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. புறா வளர்ப்போரிடம் இந்நோய் 1965இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. அவர்கள் புறாக்கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சலும் இருமலும் கண்டு, மறுநாள் தேறிவிடுவார்கள். நம் அடுக்குமாடிகளில் நாம் காண்பது பெரும்பாலும் வேறு வடிவம். நாள்தோறும் சிறிதளவு தூள், ஆண்டுக்கணக்கில் உள்ளே போய், நுரையீரல் மெல்லத் தழும்பேறி இறுகுகிறது. அப்படி இறுகிய பகுதி மீண்டும் பழைய நிலைக்கு வராது.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த அந்தப் பெண்மணிக்கு ஓராண்டாக வறட்டு இருமல், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், எடைக்குறைவு. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். காசநோய்க்காகச் சளிப் பரிசோதனையும் ஆகியிருந்தது. உட்கார்ந்திருக்கையில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தது, ஆறு நிமிடம் நடக்கவைத்தபோது சட்டென்று இறங்கியது. மூச்சை உள்ளிழுக்கையில் முதுகின் கீழ்ப்பகுதியில் நொறநொறவென்ற சத்தம் கேட்டது. பறவை வளர்க்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார், அது உண்மையும்கூட. படுக்கையறை ஜன்னலைத் திறந்து ஒரு படம் எடுத்து வரச் சொன்னேன். அதில் ஏசி வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே விளக்குமாற்று ஈர்க்குகளும் கட்டுக்கம்பித் துண்டுகளும் சேர்ந்த ஒரு கூடு, கீழே விரற்கடை உயரத்துக்கு இறுகிப்போன எச்சம். ஜன்னலருகே இருந்தது அவருடைய தலையணை.

தன் வீட்டுப் புறாவைத் தன்னுடைய பறவை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். ஆகவே மருத்துவர் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்ல வேண்டும். இது அபூர்வ நோயும் அன்று. இந்தியாவின் 27 மருத்துவ மையங்களில் பல்வேறு நுரையீரல் இடைத்திசு நோய்கள் (காற்றறைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய திசுவைத் தாக்கும் நோய்கள்) கொண்ட 1,084 பேரைப் பதிவுசெய்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இந்த மிகையுணர்வு அழற்சிதான். அவர்கள் அனைவருக்கும் புறா காரணமன்று. பூஞ்சை பிடித்த ஏர் கூலரே பலருக்கு முதன்மையான சந்தேகக் காரணமாக இருந்தது.

காற்று உள்ளே வரும் வழியிலும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. ஸ்பிளிட் ஏசியின் வெளிப்பெட்டி வெளிக்காற்றை அறைக்குள் தள்ளுவதில்லை. அதன்மேல் கூடு இருப்பதால் ஏசி காற்றிலேயே எச்சத்தூள் வருவதாக அஞ்ச வேண்டாம். பக்கத்து ஜன்னல், விண்டோ ஏசியைச் சுற்றியுள்ள இடைவெளி, டக்டை நோக்கித் திறக்கும் குளியலறை வென்டிலேட்டர் ஆகியவையே வழிகள். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது வீட்டுக்குள் ஏற்படும் குறை அழுத்தம், டக்டின் காற்றைக் குளியலறை வழியாக உள்ளே இழுக்கும்.

மிகுந்த ஆபத்தான நேரம், சுத்தம் செய்யும் நேரமே. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவது, புளோயரால் ஊதுவது, வேகமாகப் பீய்ச்சும் நீரால் அடிப்பது ஆகிய மூன்றும் தூளைக் கிளப்பிவிடும். ஜன்னல்களை மூடி, சோப்பு கலந்த நீரைத் தெளிப்பானால் மென்மையாகத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, தகட்டால் சுரண்டி, இரட்டைப் பையில் கட்டிப் போட வேண்டும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அவசியம். துணி முகக்கவசம் போதாது. வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு ஏசி சர்வீஸ் செய்யும் இளைஞர்கள் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இதைச் செய்வதைப் பார்க்கையில் எனக்குக் கவலையாக இருக்கிறது. நோயாளியோ எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இந்த வேலையில் இறங்கவே கூடாது. புறாக்கள் போன பின்னும் அவற்றின் புரதங்கள் வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், திரைச்சீலையும் மெத்தை உறையும் துவைக்கப்பட வேண்டும்.

சுத்தம் செய்த உடனேயே இறுக்கமான நைலான் வலை கட்டிவிட வேண்டும். குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை காத்திருங்கள், முட்டையிடும் முன்பே கவனித்துவிட்டால் இன்னும் நல்லது. விஷம் வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். பிளாஸ்டிக் ஆந்தைக்கும் தொங்கும் சிடிக்கும் சில நாட்களில் புறா பழகிவிடும். அல்ட்ராசோனிக் கருவியின் ஒலி அதன் காதுக்கே எட்டாது.

வலையைவிடப் பெரிய தீர்வு தானியம் இறைப்பதை நிறுத்துவது. மும்பையில் 2025 ஜூலையில் கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தானியமிடும் பொது இடங்களை, மூட மகாராஷ்டிர அரசு மாநகராட்சிக்கு உத்தரவிட்டதும், தாதரில் உள்ளதைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது புறாவுக்குத் தானியமிடுவதைப் புண்ணியமாகக் கருதும் பக்தர்கள் திரண்டு அதை அகற்றியதும் செய்திகளில் வந்தன. அந்த உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் ஒரு கவளம் சோறு வேறு, மொட்டைமாடியில் தினமும் மூட்டையாகக் கொட்டும் கம்பும் சோளமும் வேறு. காக்கை தின்றுவிட்டுப் போய்விடும், புறா அதே கட்டடத்திலேயே குடியேறிவிடும்.

எட்டு வாரங்களைத் தாண்டிய வறட்டு இருமலோ ஏறும்போது மூச்சிரைப்போ இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். தொடக்க நிலையில் மார்பு எக்ஸ்ரே இயல்பாகவே தோன்றலாம். உயர் துல்லிய சிடி ஸ்கேன் தேவைப்படும். புறாப் புரதத்துக்கு எதிரான இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் நீங்கள் அதைச் சுவாசித்திருக்கிறீர்கள் என்று பொருளே தவிர, அதுவே நோய் என்று பொருளன்று. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்த இறகுத் தலையணை வீட்டில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதன் இறகும் இதே அழற்சியைத் தூண்டக்கூடும்.