இன்றிரவு போனை அணைக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அந்த வாட்ஸ்அப் செய்தி. இரவு 12.30 முதல் 3.30 வரை ஆபத்தான விண்வெளிக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றனவாம், போனை அணைத்துத் தூர வைக்க வேண்டுமாம். பல வருடமாகச் சுற்றுவதுதான், நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். இந்த முறை சித்தப்பா நம்பிப் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். பஸ் பழுதாகி நடுவழியில் நின்ற அவர் மகள், ஒரு மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

தூரத்து நட்சத்திரங்கள் வெடிக்கும்போதோ மோதும்போதோ பீறிடும் காமா கதிர் வெடிப்புகளைத் தரையிலிருந்து தேடும் குழுவில் வேலை பார்க்கிறேன். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, எங்கள் வேலையில் கஷ்டமே அதுதான். காமா கதிரும் ஒளிதான். ஒளியைவிட வேகமாக வந்து சேதி சொல்ல எதுவும் கிடையாது. எங்கோ ஒரு காமா கதிர் வெடிப்பு நடந்தால், அதன் ஒளி வந்து சேரும்போதுதான் நமக்கே தெரியும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (செத்த நட்சத்திரங்களின் இறுகிய எச்சங்கள்) மோதிய சேதி வந்தபோது, ஈர்ப்பலை, அதாவது மோதலில் விண்வெளியே அதிர்ந்து எழும் அலை, காமா கதிருக்குச் சுமார் 1.7 நொடி முன்னால் வந்தது. அவ்வளவுதான். மணி குறித்து, முதல் நாளே வருகிற எச்சரிக்கை பொய். நாசா பெயர் போட்டிருந்தாலும் பொய்தான்.

முன்கூட்டியே தெரிந்தால் நாங்கள் ஏன் இப்படி ஓட வேண்டும்? 2019 ஜனவரி 14 அன்று ஒரு வெடிப்பைச் செயற்கைக்கோள் கண்டு சேதி அனுப்பியதும், ஸ்பெயினின் லா பால்மா தீவில் 17 மீட்டர் அகல மேஜிக் தொலைநோக்கிகள் திரும்பி, வெடிப்பு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் பார்க்க ஆரம்பித்தன. அவற்றின் தாங்கியைக் கார்பன் இழைக் குழாய்களால் எடை குறைத்துக் கட்டியதே இப்படிச் சட்டென்று திரும்பத்தான்.

2022 அக்டோபர் 9 அன்று வந்தது, இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமான வெடிப்பு. அன்று பௌர்ணமி. காமா கதிர் காற்றில் மோதும்போது எழும் மெல்லிய ஒளிக்கீற்றைத் தேடும் மேஜிக் போன்ற தொலைநோக்கிகளுக்கு அது மோசமான இரவு. சீனாவின் சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாஸோ ஆய்வகம் துகள்களை நீர்த்தொட்டிகளில் பிடிக்கிறது, அவற்றுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். வெடித்த திசையும் அப்போது அதன் பார்வைக்குள் இருந்தது. 20,000 கோடி எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்ட ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், மட்டும் முதல் 50 நிமிடங்களில் 64,000-க்கும் அதிகம். 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி அது! அன்று யாரும் போனை அணைக்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இன்னொன்று, அந்தக் காமா கதிர்கள் தரைக்கு வருவதே இல்லை. காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும் துகள் மழையையும் அது எழுப்பும் ஒளியையும்தான் நாங்கள் பிடிக்கிறோம். விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள் என்ற நுண்துகள்கள் இப்போதும் உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் அவற்றை இரவு பகலாக எண்ணுகிறது. போனை அணைத்தால் ஒன்றுகூடக் குறையாது.

அந்தச் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று குடும்பக் குழுவில் போடவே போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கோபப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நம் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். பிள்ளைகள் பயணத்தில் இருக்கும் இரவில் போன் ஓடிக்கொண்டிருக்கட்டும், ரிங்கையும் கூட்டி வையுங்கள்.